ஊர்க்காவலும் பொதுநிதியும்

முன்னுரை

களவு நடந்தபின் கள்வனைத் தேடிப் பிடிப்பது ஒருவகைக் காவல். களவே நடவாதபடி ஊரைப் பேணுவது மற்றொரு வகைக் காவல். முன்னதைக் காவல் நிலையமும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்கின்றன. பின்னது ஊராரின் துணையின்றி ஒருநாளும் நடைபெறாது. அதற்கு ஆளும் தேவை, பொருளும் தேவை. அப்பொருளை யார் தருவது, யாருக்குத் தருவது, எதற்குச் செலவிடுவது, யாரிடம் கணக்குக் காட்டுவது என்னும் நான்கு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பெற்று, 2007 நவம்பர் 23ஆம் நாள் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலங்கள் ஒருபுறம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் மறுபுறம். ஆடவர் பலர் பிழைப்பு நாடி வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட, முதியோரும் பெண்டிரும் மட்டுமே இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் பல. பட்டியில் நிற்கும் ஆடு, வாசலில் நிற்கும் இருசக்கர வண்டி, கழுத்தில் கிடக்கும் சங்கிலி ஆகியவையே எளியோரின் சேமிப்பு. இரண்டு ஆடுகள் களவு போனால் அது செய்தித்தாளில் ஒரு வரியும் பெறாது. ஆயின் மகளின் கல்லூரிக் கட்டணத்தை எண்ணி வளர்த்த ஆடுகளாக அவை இருப்பின், அக்களவு ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஆதலின் குற்றத் தடுப்பு என்பது காவலர்க்கு மட்டும் உரிய பொருளன்று. கல்லூரியில் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளுமாகும்.

பண்டைக் காவலும் பாடிகாவலும்

ஊர்க்காவல் தமிழர்க்குப் புதியதன்று. மழை பெய்யும் நள்ளிரவிலும் சோர்வின்றி மதுரைத் தெருக்களைச் சுற்றிவந்த ஊர்காப்பாளரை மதுரைக்காஞ்சி நமக்குக் காட்டுகிறது. கள்வரின் தந்திரங்களை நன்கறிந்தவர் அவர் என்பதையும் அந்நூல் சொல்கிறது. வலிமை மட்டும் காவலுக்குப் போதாது, அறிவும் வேண்டும் என்னும் கருத்து அன்றே இருந்தது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயில வழங்குகிறது. ஊரைக் காக்கும் பணிக்கென ஊரார் செலுத்திய வரியையும் அச்சொல் குறித்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய காலத்திலேயே, காவலுக்கெனத் தனியாகப் பொருள் ஒதுக்கும் வழக்கம் தமிழகத்தில் வேரூன்றியிருந்தது.

பிற்காலத்தில் இப்பொறுப்பு பாளையக்காரர் கைக்குச் சென்றது. நம் பகுதியில் அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாக இருந்து பின்னர் ஜமீன்களாயின. பாளையக்காரர் ஆட்சிப் பகுதிகளில் தலகாவல், தேசகாவல் என இருவகைக் காவல்கள் வழங்கின. முன்னது ஓர் ஊருக்குரியது. பின்னது ஒரு வட்டாரத்துக்கும் வழிப்பாதைகளுக்கும் உரியது. இம்முறையில் சிறந்ததொரு கூறு உண்டு. களவு போன பொருளைக் காவற்காரர் மீட்டுத் தருதல் வேண்டும். மீட்க இயலாவிடின் அதன் விலையை ஈடு செய்தல் வேண்டும். அதாவது, கூலி பெற்றவர் விளைவுக்கும் பொறுப்பேற்றார்.

ஆயின் காலப்போக்கில் பொறுப்பு தேய்ந்தது. கூலி மட்டும் நின்றது. காணாமற்போன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் ‘துப்புக்கூலி’ என ஒரு தொகை கேட்கும் வழக்கம் தோன்றியது. மாட்டை ஓட்டிச் சென்றவருக்கும் துப்புச் சொல்ல வந்தவருக்கும் இடையே உறவு இருந்ததும் உண்டு. கேட்பாரற்ற காவற்கூலி, காவலையே களவின் கூட்டாளியாக்கிவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

பண்டு கலகம் தரும் பாடம்

1896இல் மதுரை வட்டாரக் குடியானவர்கள் இத்தகைய காவற்கூலியைத் தர மறுத்து எழுந்தனர். அதுவரை காவல் பார்த்தவர்களை நீக்கிவிட்டுத் தாமே காவலரை அமர்த்தினர். களவு போகும் கால்நடைகளுக்கு ஈடு கொடுக்க ஊர்தோறும் பொதுநிதி ஒன்றைத் திரட்டினர். ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப்படுத்தி அந்நிதியைப் ‘பண்டு’ என்றே மக்கள் அழைத்தனர். இன்றைய மொழியில் கூறுவதாயின், குற்றத் தடுப்புக்கென மக்களே ஏற்படுத்திய நிதி அது. தொடக்கத்தில் அதன் நோக்கம் நேரியது.

ஆயின் அவ்வியக்கம் குற்றம் புரிந்தவரை எதிர்ப்பதோடு நிற்கவில்லை. காவல் உரிமை பெற்றிருந்த ஒரு சமூகத்தார் அனைவரையும் பகைக்கும் நிலைக்குச் சென்றது. வீடுகள் எரிக்கப்பட்டன, குற்றமற்ற குடும்பங்களும் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. அதனாலேயே அது ‘பண்டு கலகம்’ எனப் பெயர் பெற்றது. ஒரு சமூகத்தையே குற்றவாளியாகக் கருதும் எண்ணத்தை அன்றைய அரசும் ஊட்டி வளர்த்தது. 1871இல் இயற்றப்பெற்ற குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் அது 1947இல்தான் நீங்கியது.

ஊர் நிதியால் அமைந்த காவல் எந்த வேளையில் ஊரின் ஒரு பகுதியை வேலிக்கு வெளியே நிறுத்துகிறதோ, அந்த வேளையிலேயே அது காவல் என்னும் பெயரை இழந்துவிடுகிறது. சாதியாலும் சமயத்தாலும் பலர் கூடி வாழும் நம் ஊர்கள் இதனை என்றும் மறத்தல் ஆகாது.

தலையாரி முதல் காவல்துறை நண்பர்கள் வரை

ஆங்கிலக் கும்பினியார் 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதியால் ஊர் மணியக்காரருக்குச் சிறு காவல் அதிகாரங்களை அளித்தனர். தலையாரி அவருக்குத் துணையானார். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறையைச் சீரமைத்தது. அதுமுதல் காவல் என்பது மெல்ல மெல்ல ஊரைவிட்டு அகன்று அரசின் துறையாயிற்று. 1980 நவம்பரில் தமிழக அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தபோது பரம்பரை மணியக்காரர் முறை முடிவுற்றது. பரம்பரைப் பதவி நீங்கியது நன்றே. ஆயின் இரவில் ஊரைச் சுற்றிவரும் பொறுப்பு யாருடையது என்னும் வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவுக்கு ஒரு விடையாக 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில், அன்றைய காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் அவர்களால் ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கம் தொடங்கப்பெற்றது. பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. ஊதியமின்றி உழைக்க முன்வந்த இளைஞர்கள் இரவு ரோந்திலும் கூட்ட நெரிசலிலும் துணைநின்றனர். மக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே இருந்த அச்சத்தைக் குறைப்பதே அதன் குறிக்கோள்.

ஆயின் 2020 சூன் திங்களில் சாத்தான்குளத்தில் வணிகர்களான தந்தையும் மகனும் காவலர் பிடியில் துன்புறுத்தப்பட்டு உயிரிழந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அந்நிகழ்ச்சியில் தன்னார்வலர் சிலர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. 2020 சூலையில் தமிழக அரசு அவ்வியக்கத்துக்குத் தடை விதித்தது. ஊதியம் பெறாத தொண்டரிடமும் அதிகாரத்தின் நிழல் படிந்துவிடும். அந்நிழலுக்கு எல்லை வகுக்கப்படாவிடின் நல்ல நோக்கமும் பழியில் முடியும்.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. கோவலனைக் கொன்றது ஒரு கள்வனின் வாள் அன்று. ஊரைக் காக்க நின்ற காவலனின் வாள். பொற்கொல்லன் கூறிய சொல்லை ஆராயாமல் ஏற்றதால் வந்த பிழை அது. காவலுக்குப் பொருள் தேவை என்பதைப் போலவே, காவலைக் காக்க ஆராய்ச்சியும் தேவை என்பதை இளங்கோவடிகள் என்றோ உணர்த்திவிட்டார்.

இன்றைய மானியங்கள்

கூலி என்பது செய்த வேலைக்குத் தருவது. மானியம் என்பது செய்யவிருக்கும் நற்பணியை நம்பி, நிபந்தனையோடு முன்னதாகத் தருவது. இவ்வேறுபாட்டை உணர்ந்தோர்க்கே மானியத்தின் அருமை விளங்கும். குற்றத் தடுப்பை நோக்கி இன்று வழங்கும் நிதிகளுள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, மாணவர் காவல் படைத் திட்டம். கேரளத்தில் 2010இல் தொடங்கிய இதனை நடுவணரசு 2018 சூலையில் நாடு தழுவியதாக்கியது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு ஒழுக்க நெறிகளையும் குற்றத் தடுப்பையும் செயல்முறையில் கற்பிப்பது இதன் நோக்கம். பயிற்சிக் கருவிகளுக்கும் செலவுகளுக்கும் பள்ளி ஒன்றுக்கு 50,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. இதே நோக்கத்துடன் 2022 செப்டம்பரில் சென்னையில் ‘சிற்பி’ என்னும் திட்டம் 100 பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. அதற்கு ஒதுக்கிய தொகை ரூ.4.25 கோடி.

இரண்டாவது, பெண்டிர் பாதுகாப்புக்கென 2013ஆம் ஆண்டு நடுவண் நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் தொடங்கப்பெற்ற நிர்பயா நிதி. காவல் நிலையங்களில் மகளிர் உதவி மையங்கள் அமைக்க இதிலிருந்து 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆயின் இதன் பெருந்தொகைகள் பெருநகரங்களையே சென்றடைந்தன. பாதுகாப்பான நகரம் என்னும் திட்டத்தில் சென்னைக்கு 425 கோடி ரூபாய் அளவில் ஒப்புதல் கிடைத்தது. செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ மாலைப் பேருந்தில் இறங்கி இருளில் வீடு திரும்பும் மாணவிக்கும் அதே அச்சம்தான். அவளுக்கு வேண்டுவது பெருந்தொகையன்று. எரியும் ஒரு தெருவிளக்கே.

மூன்றாவது, கள்ளச்சாராயத் தொழிலைக் கைவிட்டோர்க்குத் தமிழக அரசு வழங்கும் மறுவாழ்வு நிதி. கறவை மாடு வாங்கவோ சிறுகடை வைக்கவோ ஒருவருக்கு 30,000 ரூபாய் என்னும் அளவில் அது நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. 2024 சூனில், நமக்குத் தொலைவில்லாத கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதை நினைப்போர்க்கு, ஒரு கறவை மாட்டின் விலை எத்துணை உயிர்களின் விலை என்பது புலப்படும்.

இவையன்றி நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. பெரம்பலூர் நகர் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியிலும், அரியலூர், செயங்கொண்டம், குன்னம் ஆகியவை சிதம்பரம் தொகுதியிலும் அமைந்திருப்பதை விண்ணப்பிப்போர் கருத்திற்கொள்ளல் வேண்டும். மக்கள் ஒரு பங்கு தர, அரசு எஞ்சிய பங்கைத் தரும் ‘நமக்கு நாமே’ திட்டமும் ஊர்ப் பொதுப்பணிகளுக்கு உதவும். இத்திட்டத்தின் சிறப்பு யாதெனில், தம் பணமும் அதிலிருப்பதால் மக்கள் கணக்குக் கேட்பர்.

நடுவணரசின் மானியம் பெறும் அமைப்பு முறையாகப் பதிவு செய்யப்பெற்றிருத்தல் வேண்டும். பெற்ற தொகையை எதற்குப் பெற்றதோ அதற்கே செலவிட்டதாகப் பயன்பாட்டுச் சான்று அளித்தல் வேண்டும். பலர் இச்சான்றினை ஒரு தொல்லையாகக் கருதுகின்றனர். பாடிகாவலின் பிற்கால வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கருதார்.

பிறநாட்டுப் பட்டறிவு

பொருள் கொட்டினால் மட்டும் குற்றம் குறைந்துவிடுமா? இங்கிலாந்தில் ராச்டேல் நகரையடுத்த கிர்க்கோல்ட் என்னும் குடியிருப்பில் 1980களின் நடுப்பகுதியில் வீடு புகுந்து திருடுதல் மிகுந்திருந்தது. அரசு நிதியுதவியுடன் காவலரும் நன்னடத்தை அலுவலரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒன்றுகூடினர். அவர்கள் முதலில் செலவு செய்யவில்லை, வினவினர். திருட்டுக்கு ஆளானோரையும் திருடிப் பிடிபட்டோரையும் நேரில் கண்டு பேசினர். இரண்டு உண்மைகள் புலப்பட்டன. ஒருமுறை திருட்டுக்கு ஆளான வீடே சில வாரங்களில் மீண்டும் திருட்டுக்கு ஆளாகிறது என்பது ஒன்று. வீடுகளில் நாணயம் இட்டு இயக்கும் எரிவாயு, மின் அளவிகளில் சேரும் காசே திருடரை ஈர்க்கிறது என்பது மற்றொன்று. எனவே அவ்வளவிகளை மாற்றினர். திருட்டுக்கு ஆளான வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை மட்டும் ஒன்றிணைத்து அவ்வீட்டின்மேல் கண்வைக்கச் செய்தனர். மூன்று ஆண்டுகளில் திருட்டு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. மாசசூசெட்சு மாநிலத்தில் 1939இல் 506 சிறுவரைத் தேர்ந்து, ஒரு பாதியினர்க்கு ஐந்தாண்டு அளவில் அறிவுரையும் கல்வித் துணையும் மருத்துவமும் அளித்தனர்; மறுபாதியினர்க்கு எதுவும் அளிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்ட் என்னும் ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டு ஆராய்ந்து, 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றோர் குற்றத்திலிருந்து காக்கப்படவில்லை; சில அளவுகளில் உதவி பெறாதோரினும் அவர்கள் நிலை தாழ்ந்திருந்தது. உதவி பெற்ற பலர் தமக்கு அது நன்மை செய்ததென்றே நம்பினர். ஒப்பிட்டு நோக்கியதால்தான் உண்மை வெளிப்பட்டது. நல்லெண்ணம் வேறு, நற்பயன் வேறு என்பதை இது கற்பிக்கிறது.

இஸ்லாமிய மரபு காட்டும் நெறி

இவ்விரு பாடங்களையும் நம் மார்க்க மரபிலும் காணலாம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் தாமே மதீனாத் தெருக்களைச் சுற்றி வந்ததை வரலாறு கூறும். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் கடும் பஞ்சம் நிலவியபோது, திருட்டுக்குரிய தண்டனையை அவர்கள் நிறுத்தி வைத்தார்கள். பசித்தவனைத் தண்டிக்குமுன் பசியை நீக்குவது ஆள்வோர் கடன் என்பது அதன் கருத்து. இதனினும் சிறந்த குற்றத் தடுப்புக் கொள்கையை இன்றைய அறிஞரும் கூறியதில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. ஓர் இரவு ஒரு வீட்டில் தகாத செயல் நடப்பதாக ஐயுற்ற அவர்கள் சுவரேறிக் குதித்துக் கண்டித்தார்கள். அவ்வீட்டார், துருவி ஆராயாதீர், வாசல் வழியே வருக, அனுமதி பெற்று ஸலாம் கூறி நுழைக என்னும் மூன்று இறைக்கட்டளைகளைத் தாங்கள் மீறினீரே என்று கூற, கலீஃபா அதனை ஏற்றுத் திரும்பியதாக நூல்கள் சொல்கின்றன. கண்காணிப்புக் கருவிகள் தெருத்தோறும் பெருகும் இந்நாளில், காவலுக்கும் ஒரு வாசற்படி உண்டு என்னும் இவ்வறிவு நமக்கு மிகவும் வேண்டுவது. தெருவை நோக்க வேண்டிய கருவி அண்டை வீட்டு முற்றத்தை நோக்குதல் ஆகாது.

ஜகாத்துக்கு உரியோர் எண்வகையினர் என வரையறுக்கப்பட்டதும், பைத்துல்மாலின் கணக்குக்கு ஆள்வோரே பொறுப்பாளர் எனப்பட்டதும் பொதுநிதிக்குரிய இலக்கணமன்றோ!

நாம் செய்யத்தக்கன

ஓர் ஊரார் மானியம் வேண்டி விண்ணப்பிக்குமுன், கடந்த ஓராண்டில் தம் ஊரில் எந்நேரத்தில், எவ்விடத்தில், எப்பொருள் களவு போயிற்று என்று எழுதிப் பார்த்தல் வேண்டும். இப்பணியைக் கல்லூரி மாணவர் செவ்வனே செய்யலாம்; ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் போதும். ஆடுகளே களவு போகும் ஊருக்குப் பட்டிக்கருகே விளக்கு வேண்டும். கடைத்தெருவில் கருவி பொருத்திப் பயனில்லை.

அடுத்து, நிதியை ஆளும் குழுவில் ஊரின் எல்லாத் தெருவினரும் இடம்பெறல் வேண்டும். ஜமாஅத் பெரியோரும் கோயில் பொறுப்பாளரும் காலனித் தெருவினரும் மகளிர் குழுவினரும் ஒரே பாயில் அமரும் குழுவே குற்றத்தைத் தடுக்கும்; ஒரு தெருவினர் மட்டும் அமர்ந்த குழு பண்டு கலகத்துக்கே வழிகோலும்.

மூன்றாவதாக, தொண்டர் எவரும் பிறரை அடிக்கவோ, அடைக்கவோ, விசாரிக்கவோ உரிமையற்றவர் என்பதை எழுத்தில் வகுத்தல் வேண்டும். கண்டதை நிலையத்துக்கு உரைப்பதோடு அவர் கடமை முடிகிறது.

நான்காவதாக, வரவும் செலவும் கிராம சபையில் படிக்கப்பெறல் வேண்டும். பணக்கணக்கோடு பயன்கணக்கையும் படித்தல் வேண்டும். விளக்கு எத்தனை இரவு எரிந்தது? பள்ளியை விட்டு நின்ற சிறுவருள் எத்தனை பேர் திரும்பினர்? களவு குறைந்ததா? குறையவில்லையாயின், குறையவில்லை என்றே ஒப்புக்கொள்ளும் துணிவு வேண்டும்.

முடிவுரை

பாடிகாவல் முதல் பயன்பாட்டுச் சான்று வரை நாம் கண்ட வரலாறு ஒன்றையே வலியுறுத்துகிறது. காவலுக்கெனத் தரும் பொருள் கணக்கோடு வந்தால் ஊரைக் காக்கும். கணக்கின்றி வந்தால் ஊரைப் பிரிக்கும். கணக்கு என்பது ரூபாய்க்கு மட்டுமன்று; அதிகாரத்துக்கும் உரியது.

அன்பு மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை காவல் அலுவலராவீர். சிலர் ஊராட்சியில் பொறுப்பேற்பீர். பலர் ஏதேனும் ஒரு குழுவில் பொருளாளராய் அமர்வீர். அந்நாளில் உங்கள் கைக்கு வரும் மானியம், இரவில் அச்சமின்றி உறங்க விழையும் ஒரு முதியவளின் நம்பிக்கை என்பதை மறவாதிருப்பீராக. ஊர்ப் பெரியோர்களும் இளைஞர்க்கு அக்குழுக்களில் இடமளித்து, கணக்கேட்டை அவர்கள் கையில் தந்து பழக்குவார்களாயின், இவ்விரு மாவட்டங்களும் பிற மாவட்டங்களுக்கு வழிகாட்டும் நாள் தொலைவில் இல்லை. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!